கமோடுக்குப் பின்னால் ஈரம்

அக்கா வீட்டுக் கழிப்பறையில், கமோடுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் அத்தானின் பழைய பனியன் ஒன்று நான்காக மடித்து வைக்கப்பட்டிருக்கும். மூன்று வருடம் அந்த இடத்தில் ஏதாவது ஒரு பனியன் இருந்தது. அத்தான் உள்ளே போய்விட்டு வந்ததும் அக்கா போவாள். குனிந்து, கையைப் பின்னால் விட்டு, துணியை எடுத்துப் பார்ப்பாள். சில சமயம் காய்ந்திருக்கும். சில சமயம் பிழிந்தால் அரை டம்ளர் தண்ணீர் வரும். பிழிந்துவிட்டு, சுவரோரம் முழங்காலுக்குக் கீழே இருக்கும் வால்வைத் திருகி மூடிவிட்டு, கை கழுவிக்கொண்டு வருவாள். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை. யாரும் அவளை அதைச் செய்யச் சொன்னதில்லை.

எனக்கும் அக்காவுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். போன மாதம் அவள் இறந்துபோனாள். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என்னென்னவோ எழுதலாம். எனக்கோ அந்தப் பனியனும் அந்த ஒரு வாரமும்தான் முதலில் வந்து நிற்கின்றன. அதை எழுதிவிட்டால் மற்றதெல்லாம் வரலாம்.

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். முன்பக்கம் ஃபிரேம்களும் நிலைக்கண்ணாடிகளும் பளபளக்கும். பின்னால், ஒரு பச்சைத் திரைக்கு அப்பால், நீள மேஜையும் லென்ஸ் தேய்க்கும் இயந்திரமும் ஒரு சின்ன ஜன்னலும் இருக்கும். அதுதான் அவள் இடம். லென்ஸ் வட்டமாக வரும். அதில் கண்மணி வரவேண்டிய இடத்தில் மையால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளியை நடுவாகக் கொண்டு ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்துப் பொருத்த வேண்டும். புள்ளி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் போட்டுக்கொள்பவருக்குத் தலை வலிக்கும்; படி இறங்கும்போது கால் தடுக்கும். அக்கா வைத்த புள்ளி நகராது. கடையில் எல்லோரும் அவளைப் 'புள்ளியக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளிகூட.

அத்தான் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். முதுகெலும்பில் தட்டு நழுவி, இரண்டு அறுவை சிகிச்சை நடந்து, ஐம்பத்தி மூன்று வயதில் வீட்டோடு தங்கிவிட்டார். நிமிர்ந்து நடப்பார். தினமும் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் உடுத்துவார். பார்ப்பவர்களுக்கு அவரிடம் ஒரு குறையும் தெரியாது. குனிய மட்டும் முடியாது. கீழே பேனா விழுந்தால் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். யாராவது எடுத்துக் கொடுத்தால், "நானே எடுத்திருப்பேன், அதுவா வரட்டும்னு பாத்துட்டு இருந்தேன்" என்பார். அவரிடம் எனக்குப் பிடித்தது அந்த வாய்தான்.

முதுகு போன பிறகுதான் தரையோடு இருந்த பழைய கழிப்பறையை எடுத்துவிட்டுக் கமோடு வைத்தார்கள். கோப்பையின் முதுகிலேயே தண்ணீர் டேங்க் உட்கார்ந்திருக்கும் வகை. வைத்த ஆறாம் மாதம் பின்னால் ஈரம் வர ஆரம்பித்தது. கொஞ்சம்தான். கண்ணுக்குத் தெரியாமல் தரையோரம் ஊர்ந்து, தரை ஓடுகளின் இடுக்கு வழியாகக் கீழே போய்விடும். அக்கா வீடு முதல் மாடி. கீழே கணக்கு டீச்சர் குடியிருந்தார். ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். அவர் வீட்டுக் கூரையில் ஒரு கறை தெரிந்தது. டீச்சர் ஸ்டூல் போட்டு ஏறி அந்தக் கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் தேதி எழுதினார். கறை கோட்டைத் தாண்டினால் புதுக் கோடு, புதுத் தேதி. ஒரு நாள் என்னையும் அக்காவையும் கூப்பிட்டு அண்ணாந்து பார்க்கச் சொன்னார். ஏழு கோடுகள் இருந்தன.

"நான் சண்டைக்கு வரல. கோடு வளர்றது. அத மட்டும் சொல்றேன்" என்றார் டீச்சர்.

"பாத்துக்கறேன் டீச்சர்" என்றாள் அக்கா. பரீட்சையில் தோற்றவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு.

அன்றிலிருந்துதான் பனியனும் வால்வும். வால்வு திறந்திருப்பதால்தான் ஒழுகுகிறது என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அவள் போய்வந்தால் உடனே குனிந்து மூடிவிடுவாள், ஒழுகாது. அத்தானுக்காகத் திறந்து வைப்பாள்; அவர் போனால் அவரால் குனிந்து மூட முடியாது, ஒழுகும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதனால் அத்தான் போகும் நேரமெல்லாம் அவள் வீட்டில் இருந்தாக வேண்டும் என்று ஆயிற்று. காலையில் அவர் போய்வந்த பிறகு கடைக்குக் கிளம்புவாள். கடை நாலு தெரு தள்ளி. மதியம் ஒரு மணிக்கு ஓட்டமும் நடையுமாக வருவாள். சாயங்காலம் ஆறு அடித்தால் திரைக்குப் பின்னால் அவள் நாற்காலி காலியாக இருக்கும். ஒரு தடவை அத்தானை வீட்டில் விட்டுவிட்டு, நானும் அக்காவும் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வெளியூர் போய் ஒரு ராத்திரி தங்கினோம். திரும்பி வந்தபோது டீச்சர் மாடிப்படியில் நின்றிருந்தார். கையில் நனைந்து உப்பிப்போன பழைய புத்தகம் ஒன்று. அதை நீட்டிக் காட்டினார். அதற்குப் பிறகு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தால்கூட செருப்பைக் கழற்றும்போதே கடிகாரத்தைப் பார்ப்பாள்.

"உன் வீட்டுல என்ன, பால் பொங்குதா?" என்று கேட்பேன்.

"உனக்கென்னடி, சொல்லிடுவ" என்று சிரிப்பாள். உட்கார மாட்டாள்.

இப்படி இருக்கும்போது முதலாளி ஒரு நாள் திரையை விலக்கிக்கொண்டு வந்து அவள் மேஜை முன்னால் நின்றார். மூன்று மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் ஊரில் புதிதாக ஒரு பட்டறை திறக்கப்போகிறார். கடைக்கு லென்ஸ் அங்கிருந்துதான் வரும். ஆறு பேர் வேலை செய்வார்கள். அவர்களுக்கு மேலே இவள். திங்கள் முதல் சனி வரை அங்கே தங்க வேண்டும், அறை கொடுப்பார்கள், ஞாயிறு வீட்டுக்கு வரலாம்.

"நீங்க வந்தா திறக்கறேன். இல்லன்னா வேற ஆள பாக்கணும். யோசிங்க புள்ளியக்கா" என்றார்.

அக்கா யோசிக்கவில்லை, அப்போதே சரி என்று சொல்லிவிட்டாள். என்னிடம் வந்து சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வரவில்லை. லென்ஸ் வரும் காகித உறை ஒன்றைப் பிரித்து, அதன் உட்பக்கத்தில் பட்டறையின் வரைபடம் போட்டிருந்தாள். இயந்திரம் இங்கே, ஜன்னல் இங்கே, ஆறு மேஜை ஒன்றுக்கொன்று முதுகு காட்டாமல். "எல்லாருக்கும் வெளிச்சம் இடது பக்கத்துலேர்ந்து வரணும், பாத்தியா" என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். அவளுக்கு அப்போது ஐம்பத்தி ஒன்று. அவள் தனக்கென்று எதையும் இப்படி வரைந்து நான் பார்த்ததில்லை.

அத்தானும் தடுக்கவில்லை. "போயேன். ஆறு பேர மேய்க்கப் போற. வீட்ல ஒருத்தன மேய்ச்ச அனுபவம் இருக்குல்ல" என்றார். சாப்பாட்டுக்குத் தெரு முனையில் ஒரு மெஸ் இருந்தது. துணிக்கு ஆள் இருந்தாள். பாக்கி அந்த ஈரம் ஒன்றுதான். அடுத்த திங்கட்கிழமை அவள் கிளம்ப வேண்டும், அதற்குள் அதை நிறுத்த வேண்டும்.

அந்தப் பகுதிக்கெல்லாம் ஒரே பிளம்பர். வாஷர் என்று பெயர். அதாவது நாங்கள் வைத்த பெயர். எந்த வீட்டில் என்ன ஒழுகினாலும், பார்ப்பதற்கு முன்பே, "வாஷர் போயிருக்கும்" என்பார். தன் பெயர் அவருக்கும் தெரியும். ஒல்லியான மனிதர், காதில் எப்போதும் ஒரு பென்சில். அவர் இதற்கு முன்பே இரண்டு தடவை வந்திருந்தார். முதல் தடவை வால்வையும் டேங்குக்குப் போகும் குழாயையும் மாற்றினார். இரண்டாம் தடவை டேங்குக்கு உள்ளே இருந்த சாமான்களை மாற்றி, கோப்பையின் அடியைச் சுற்றி வெள்ளை சிமெண்ட் பூசினார். இரண்டு தடவையும் பத்துப் பதினைந்து முறை தண்ணீர் விட்டுப் பார்த்தார். ஒரு சொட்டு வரவில்லை. போய்விட்டார். மறுநாள் பனியன் நனைந்திருந்தது.

மூன்றாவது தடவை, செவ்வாய்க்கிழமை, நானும் அங்கே இருந்தேன். வாஷர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கமோடுக்குப் பின்னால் தலையை விட்டார். ரொம்ப நேரம் அசையாமல் இருந்தார். பிறகு வெளியே வந்து டார்ச்சை எடுத்தார்.

"எங்கம்மா ஒழுகுது?"

"பின்னாடி."

"பின்னாடி எங்க? ஈரம் வேணாம், ஈரம் பட்ட தடமாவது இருக்கணுமே. இது நேத்து கடையிலேர்ந்து வாங்கிட்டு வந்த மாதிரி இருக்கு."

அக்கா என்னைப் பார்த்தாள். "நீங்க வரீங்கன்னு கழுவி விட்டேன்."

"கழுவி?"

"தேய்ச்சு... துடைச்சு... ஃபேன் போட்டுக் காய வெச்சேன்."

"போன தடவையும்?"

"ஆமா."

"அதுக்கு முந்தின தடவையும்?"

அக்கா தலையை ஆட்டினாள். வாஷர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி காய்ச்சல எறக்கிட்டுப் போறவங்கள இப்பதான்மா பாக்கறேன்."

"வேற ஆளு வர்ற எடம், எப்படி அப்படியே போடறது?"

"நான் வேற ஆளு இல்லம்மா. பிளம்பர். பாக்கறதுக்குத்தானே வரேன்."

நான் சிரித்துவிட்டேன். அக்காவும் சிரித்தாள், ஆனால் காதெல்லாம் சிவந்துவிட்டது. வாஷர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்: வியாழக்கிழமை வருவேன். அதுவரை கழுவக்கூடாது, துடைக்கக்கூடாது, துணி வைக்கக்கூடாது, வால்வை மூடக்கூடாது. போகும்போது வீட்டில் முகப்பவுடர் இருக்கிறதா என்று கேட்டார்.

"எதுக்கு?"

"எனக்குப் பூசிக்கத்தான்" என்று வாங்கி, டேங்கின் அடியிலும் கோப்பையின் முதுகிலும் தரையிலும் மெலிசாகத் தூவினார். "தண்ணி எந்த வழியா வந்தாலும் கோடு போட்டுட்டுத்தான் போகணும்."

அந்த இரண்டு நாளும் அக்காவுக்குத் தூக்கம் இல்லை. கீழே போய் டீச்சரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டாள்; அவருடைய புத்தக அலமாரியை இருவருமாகத் தள்ளி வைத்தார்கள். கழிப்பறைப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் கை தானாகத் துடைப்பத்துக்குப் போனது. "ஒழுகறதக்கூட பொறுத்துக்கலாம். அப்படியே வெச்சிருக்கறதத்தான் பொறுக்க முடியல" என்றாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வாஷர் வந்து பார்த்தார். பவுடரில் தடம் இருந்தது. டேங்கையும் கோப்பையையும் சேர்த்துப் பிடிக்கும் இரண்டு போல்ட்டில், இடது பக்கத்து போல்ட்டிலிருந்து புறப்பட்டு, பீங்கானில் வழிந்து, தரையில் பரவியிருந்தது. "வாஷர் போயிருக்கு" என்றார். இந்த முறை ஒருவிதப் பெருமையோடு. ஆனால் தண்ணீர் நிரப்பி, விட்டு, மறுபடி நிரப்பிப் பார்த்தால் ஒழுகவில்லை. அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்துக் கன்னத்தில் தட்டிக்கொண்டார்.

"தண்ணி விட்டா வரல. அப்போ ஆள் உக்காந்தாத்தான் வருது."

மூடியின் மேல் அவரே உட்கார்ந்து எழுந்தார். வரவில்லை. அக்காவை உட்காரச் சொன்னார். அவள் முடியாது என்றாள். அவர் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு உட்கார்ந்து எழுந்தாள். பவுடர் காய்ந்தபடியே இருந்தது. பிறகு மூவரும் கூடத்தைப் பார்த்தோம்.

அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. பக்கத்தைத் திருப்பவில்லை.

"சார், ஒரு நிமிஷம் வந்து உக்காந்து எழுந்திருங்க" என்றார் வாஷர்.

"எனக்கு இப்ப வரல."

"வரவேணாம் சார். சும்மா உக்காந்து எழுந்தா போதும்."

"சும்மா உக்கார எனக்கு இங்க நாற்காலி இருக்கு."

"சார், வெயிட்டு..."

"நான் என்ன மூட்டையா, தூக்கி வெச்சு எறக்கிப் பாக்க?"

வாஷர் சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை. அவர் கேலிக்குப் பின்னால் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள். "என்னங்க, திங்கக்கிழமை நான் போகணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அத்தான் பேப்பரை அதன் மடிப்பிலேயே மடித்தார், இன்னொரு முறை மடித்தார், எழுந்தார்.

கழிப்பறை சின்னது. இரண்டு பேர் நின்றால் தோள் இடிக்கும். வாஷர் டார்ச்சோடு ஓரத்தில் குந்திக்கொண்டார். அத்தான் இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையும் வேட்டியுமாக மூடியின் மேல் உட்கார்ந்தார். அக்கா வாசலில். நான் அவள் தோளுக்குப் பின்னால்.

"ம். எழுந்திருங்க சார்."

அத்தான் இரண்டு கையையும் தொடையில் ஊன்றினார். உடம்பு முன்னால் வந்தது, நின்றது, திரும்பி உட்கார்ந்துவிட்டது. "கால் மரத்துப் போச்சு" என்றார். உட்கார்ந்து அரை நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடி முழங்காலைப் பிடித்துக்கொண்டு முயன்றார். கழுத்தில் நரம்பு எழுந்தது. எழவில்லை. அக்கா ஒரு அடி முன்னால் வைத்தாள். "வேணாம்" என்றார், அவளைப் பார்க்காமல்.

மூன்றாவது தடவை அவர் வலது கை தானாகப் பின்னால் போனது. அதற்கு வழி தெரிந்திருந்தது. டேங்கின் மூடியில் உள்ளங்கை அழுந்தியது. முழு உடம்பும் அந்தக் கையில் ஏறியது. மூடி கடகடவென்று ஆடியது, டேங்க் ஒரு நூல் சாய்ந்தது, அத்தான் எழுந்து நின்றார். இடது பக்கத்து போல்ட்டிலிருந்து மெல்லிய தண்ணீர் இழை ஒன்று பவுடரில் இறங்கியது.

"இதான்! இதான் சார்!" என்று வாஷர் துள்ளிவிட்டார். அப்புறம்தான் எங்கள் முகங்களைப் பார்த்தார். டார்ச்சை அணைத்தார்.

அத்தான் எங்களைக் கடந்து கூடத்துக்குப் போய், மடித்த பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

சரி செய்ய முக்கால் மணி நேரம் ஆயிற்று. டேங்கைக் கழற்றி, தடித்த புது ரப்பர் போட்டு, புது போல்ட் இறுக்கி, டேங்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ரப்பர் கட்டையைச் செருகினார். "இனிமே யானை சாஞ்சாலும் அசையாது" என்றார். பிறகு குரலைத் தணித்து அக்காவிடம், "சுவத்துல ஒரு கைப்பிடி போட்டுடலாம்மா. நாலே நாலு ஸ்க்ரூதான்" என்றார்.

"இது வீடு. ஆஸ்பத்திரி இல்ல" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

வாஷர் சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மத்தியானம் பவுடரையெல்லாம் அக்கா கழுவினாள். கழுவிவிட்டு வந்து சமையலறையில் என் பக்கத்தில் நின்றாள்.

"அவ்வளவுதானே, முடிஞ்சுது. ஒழுகறது நின்னுடுச்சு. பெட்டியக் கட்டு" என்றேன்.

"நின்னுடுச்சு" என்றாள். "ஏன் ஒழுகுச்சுன்னு தெரிஞ்சு போச்சேடி."

மதியம் இரண்டாம் தடவை சாப்பாடு வேண்டாம் என்று அவர் சொல்ல ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது என்றாள். தண்ணீர்ச் சொம்பு சாயங்காலம்வரை நிறைந்தபடியே இருக்கும். வயசாகிறது, பசி குறைகிறது என்று அவள் நினைத்திருந்தாள். இவள் கடையில் இருக்கும் நேரத்தில் உள்ளே போகவேண்டி வரக்கூடாது என்பதற்காக அவர் வயிற்றைக் காயப்போட்டிருந்தார். "மூணாவது தடவ எழுந்தார். நாலாவது தடவையும் எழலன்னா?" என்றாள். "உள்ள தாழ்ப்பாள் போட்டுக்குவார். எப்பவும் போடுவார். விழுந்தா யாரு கதவ ஒடைக்கறது? கீழ டீச்சருக்கு எழுபத்தி ரெண்டு வயசு."

"நான் வந்து பாத்துக்கறேன்" என்றேன்.

நான் அதைச் சொன்ன விதம் எனக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். "உன் முன்னாடி அவர் தண்ணியே குடிக்கமாட்டார்" என்று எனக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்தாள். நான் அந்த வழியில் போய்விட்டேன்.

அன்று அவள் அத்தானிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். கைப்பிடி வேண்டாம், ஆள் வேண்டாம். தாழ்ப்பாளை மட்டும் போடாமல் போய்வர வேண்டும். கீழே டீச்சரிடம் ஒரு வீட்டுச் சாவி இருக்கும். காலையிலும் மாலையிலும் ஒரு குரல் கொடுப்பார்.

"வீட்ல யாருமே இல்லாதப்ப நான் எதுக்குத் தாழ்ப்பாள் போடப் போறேன்? எனக்கு நானே பயந்தா?" என்றார் அத்தான். "நீ போ. நான் ஒண்ணும் பச்சக் குழந்த இல்ல."

"நான் இருக்கும்போதே போடாம பழகிக்கோங்க. பாத்துட்டுப் போறேன்."

"பரீட்சையா?"

"ஆமா."

"சரி டீச்சர்" என்றார்.

வெள்ளிக்கிழமை அவர் கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போனார். காலை, மதியம், இரவு. சனிக்கிழமையும். அக்கா அடுப்படியில் நின்றபடி காதைக் கழிப்பறைக் கதவுப் பக்கமே வைத்திருந்தாள். நானும் இருந்ததால் எனக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் அவள் பெட்டியை எடுத்து வெளியே வைத்தாள். நாலு புடவை, தன் சின்ன ஸ்க்ரூ டிரைவர்கள் இருந்த தகரப் பெட்டி, லென்ஸ் உறையில் போட்ட அந்த வரைபடம். பஸ் திங்கட்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு.

தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும், அதுவும் அவள் கையிலேயே இருந்தது.

"நானும் நெனச்சேன்" என்றாள். "இந்த வீட்ல அவர் தன் கையால பூட்டிக்கிட்டு உள்ள இருக்கறது அந்த ஒரு கதவுதான். அதையும் கழட்டிட்டா அவர் அங்க போறதையே நிறுத்திடுவார். எனக்குத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அத்தான் என்னைப் பார்த்து, "வாம்மா, உங்க அக்காவ வழியனுப்ப வந்தியா, இல்ல அவ எடத்துல உக்கார வந்தியா?" என்று கேட்டுவிட்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. பிறகு, தாழ்ப்பாள் விழும் சத்தம்.

வேண்டுமென்று போட்டாரா, கை பழக்கத்தில் போட்டதா, நான் வந்திருந்ததால் போட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்றாவதாக இருந்தால் நான் அன்று போகாமல் இருந்திருக்க வேண்டும். அக்கா குழாயை மூடினாள். கையைத் துடைக்கவில்லை. கழிப்பறைக் கதவுக்கு இரண்டு அடி தள்ளிப் போய் நின்றாள். உள்ளே துணி உரசும் சத்தம். ஒரு செருமல். பிறகு ஒன்றுமில்லை. வெகுநேரம் ஒன்றுமில்லை. அவள் விரல் நுனியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். டேங்கின் மூடி லேசாக முனகியது. தண்ணீர் இறங்கியது. தாழ்ப்பாள் விலகுவதற்குள் அவள் நகர்ந்து போய்ப் போனை எடுத்துவிட்டாள்.

அத்தான் துண்டில் கை துடைத்துக்கொண்டே வந்தார். "என்ன, பெட்டியெல்லாம் கட்டியாச்சா?"

"ஆச்சு" என்றாள் அக்கா.

போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய் முதலாளியிடம் பேசினாள். நான் கதவருகில் நின்று கேட்டேன். பட்டறைக்கு வர முடியாது என்றாள். வீட்டில் ஏதோ ஒழுகல் என்று சொன்னீர்களே, அதுவா என்று முதலாளி கேட்டிருக்க வேண்டும். "இல்ல சார், அது சரியாயிடுச்சு" என்றாள். "நல்லாவே சரியாயிடுச்சு." வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை.

உள்ளே வந்து அத்தானிடம், பட்டறை திறப்பது தள்ளிப்போகிறதாம், இடம் ஏதோ தகராறாம் என்றாள். "அதான் பாத்தேன். உன் முதலாளி வாயாலயே ஊர் ஊரா கடை திறக்கறவன்" என்றார் அவர். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விலகியதை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். திங்கட்கிழமை ஒன்பதரைக்கு வழக்கம்போல் கடைக்குப் போய்ப் பச்சைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். இரண்டு வாரம் கழித்துப் பட்டறை திறந்தது. முன்பக்கத்தில் ஃபிரேம் காட்டும் பெண் ஒருத்தி பொறுப்பாகப் போனாள். அந்தப் பெண்ணுக்குப் புள்ளி வைக்கச் சொல்லிக் கொடுத்தது அக்காதான். அதற்குப் பிறகு எட்டு வருடம் அக்கா தினமும் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். பின்னால் துணி வைக்கவேண்டிய தேவை இல்லை. கதவுக்கு இரண்டு அடி தள்ளி, சமையலறை நிலைப்படியில், எதையாவது நறுக்கிக்கொண்டே நிற்பாள். எதற்கு அங்கே நிற்கிறாள் என்று அவர் கேட்டதில்லை.

போன மாதம், ஒரு புதன்கிழமை, கடை மேஜையிலேயே தலை சாய்த்தபடி போய்விட்டாள். மாரடைப்பு என்றார்கள். அத்தான் இப்போது எங்களோடு இருக்கிறார். துக்கம் கேட்க வருகிறவர்கள் அவரிடம் அவளுடைய வேலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவள் மாட்டிவிட்ட கண்ணாடியைத்தான் பலர் போட்டிருக்கிறார்கள். நேற்றுக் கடையிலிருந்து இருவர் வந்திருந்தார்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள். அத்தான் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு ஒரு தடவ வெளியூர்ல பெரிய பொறுப்பு வந்துச்சு தெரியுமா? ஆறு பேருக்கு மேல. நான்தான் போ போன்னு சொன்னேன். பெட்டியெல்லாம் கட்டிட்டா. கடைசி நேரத்துல அந்தப் பட்டறைய திறக்கவே இல்ல. அவளுக்கு அதிர்ஷ்டம் அவ்வளவுதான்."

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பட்டறையிலிருந்துதான் அவர்களுக்கு வாரா வாரம் லென்ஸ் வருகிறது. அத்தான் என் பக்கம் திரும்பினார்.

"இல்லம்மா?"

"ஆமா அத்தான்" என்றேன். "திறக்கவே இல்ல."